வந்த பூனையும் வீட்டுப் பூனையும்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

செட்டிநாட்டில் பூனைக்குட்டிகள் கைக்கு வந்து சேருவது பெரும்பாலும் வீடு திறக்கும் காலத்தில்தான். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைப் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். பரணிலோ, மூன்றாங்கட்டில் பழைய அண்டாக்களுக்குப் பின்னாலோ நாலைந்து குட்டிகள் கிடக்கும். "நீங்கதான் பூனை வளர்க்கிறவுகளாச்சே, ஒரு பத்து நாளைக்கு வச்சிருங்க ஆச்சி" என்று ஓர் அட்டைப்பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அந்தப் பத்து நாள் இரண்டு மூன்று மாதமாக நீளும். ஏற்கெனவே வீட்டில் பூனை வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் என்னென்ன பார்ப்பார்கள், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குட்டிகளைத் தத்து கொடுக்கும் வரை வளர்ப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். சொந்தமாக வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இதே முறைதான்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை; உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஆனால் எங்கே போனாலும் ஒரே ஒழுங்கு: முதலில் உடம்பைப் பாருங்கள், அப்புறம் இடத்தைப் பாருங்கள். பயந்த பூனையும் நோயாளிப் பூனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் ஒளிந்துகொள்ளும், இரண்டும் சாப்பிடாது, இரண்டும் மலஜலத்துக்கு வைத்த மண் தட்டை விட்டு வெளியே அசுத்தம் செய்யும். "புது இடம், பயப்படுது" என்று முடிவு கட்டிவிட்டால் நோயைக் கவனிக்கும் நேரம் போய்விடும். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு பார்த்தால், நிறைய கோளாறுகளுக்குக் காரணம் ஒன்றாகவே இருக்கும்: கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டோம்.

குட்டிகள் கிடக்கின்றன, தாயைக் காணோம்

உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். ஆள் அரவம் கேட்டால் வராது. குட்டிகள் கதகதப்பாக, வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் தாய் வந்து போகிறது என்று பொருள். வீட்டின் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்திவிட்டு, எல்லோரும் விலகி, சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமாவு தூவி வைத்தால் காலடித் தடம் காட்டிக் கொடுத்துவிடும். உடம்பு சில்லிட்டு, அழுக்கேறி, விடாமல் கத்துகிற குட்டிகளைத்தான் உடனே எடுக்க வேண்டும்.

வெள்ளையடிப்பவர்கள் நாளைக்கே வருகிறார்கள், காத்திருக்க வழியில்லை என்றால் தாயையும் கூண்டு வைத்துப் பிடித்துச் சேர்த்தே கொண்டுவாருங்கள். நாம் பாட்டில் பாலில் வளர்ப்பதைவிடத் தாய்ப்பாலில் குட்டி நன்றாகத் தேறும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகும், அதனால் குட்டிகள் பால் மறந்ததும் அதற்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான்.

பெட்டி வந்துவிட்டது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பின்னால் வரும் கோளாறுகளில் பாதியை இதிலேயே தவிர்த்துவிடலாம்.

வந்த பூனை குறைந்தது 14 நாள் தனி அறையில் இருக்க வேண்டும். பார்க்க நல்லாயிருந்தாலும் சரி, யார் வீட்டிலிருந்து வந்தாலும் சரி. பூனைகளுக்கு வரும் பெரிய தொற்றுகள் பல இந்த நாட்களுக்குள் வெளியே தெரிந்துவிடும். நகரத்து அடுக்குமாடிக்காரர்கள் குளியலறையை ஒதுக்குவார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நடு முற்றமான வளவைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை அறைகள் உண்டு. இந்த வேலைக்கு அதைவிட வசதியான அமைப்பு கிடையாது. உள்ளறையில் பூனை; வெளியறையில் உங்கள் மாற்றுச் செருப்பு, பழைய சட்டை ஒன்று, கை கழுவ வாளியும் சோப்பும். வெளிக்கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கதவைத் திறக்க வேண்டும். ஒரு கதவைத் தாண்டிக் குட்டி ஓடினாலும் வளவுக்குப் போக முடியாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். ஜன்னலின் இரும்புக் கம்பிக்கு இடையே ஒரு மாதக் குட்டி தாராளமாக நுழைந்துவிடும், கொசுவலை அடித்துவிடுங்கள். பரணுக்கு ஏறும் வழியை அடையுங்கள். அலமாரிகளில் பாச்சை உருண்டை இருந்தால் மொத்தமும் எடுத்துவிடுங்கள், அது பூனைக்கு விஷம். பல வருஷம் பூட்டியிருந்த அறையில் எலி மருந்தும் மூலையில் கிடக்கும்.

தரை துடைப்பது தனிக் கதை. வேலைக்கு வருபவர் பழக்கத்தில் பினாயிலோ டெட்டாலோ ஊற்றித் துடைத்துவிடுவார். இந்த வகை மருந்துகளைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கும், அதுவே போதும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவிவிட்டு, கிருமி கொல்ல வேண்டுமானால் 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசல் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு, அப்புறம்தான் பூனையை உள்ளே விட வேண்டும். முன்கட்டு ஆத்தங்குடிக் கல்லில் இதையெல்லாம் போட மனசு வராது. அதனால் சிமென்ட் தரை போட்ட பின்கட்டு அறையாகப் பாருங்கள்.

தினமும் முதலில் வீட்டுப் பூனைகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, கடைசியாக வந்த பூனையின் அறைக்குப் போங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. வீட்டுப் பூனைகளுக்குத் தடுப்பூசி முடிந்திருக்கிறதா என்று பார்ப்பது பெட்டி வருவதற்கு முன்னாடியே நடந்திருக்க வேண்டிய காரியம். போடவில்லை என்றால் இந்தத் தடவை பெட்டியை வாங்காதீர்கள்.

குட்டி சில்லென்று இருக்கிறது, பால் இறங்கவில்லை

பாலைக் கீழே வையுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. முதலில் சூடு: வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, வேண்டாதபோது குட்டி நகர்ந்துபோக மறுபக்கம் காலியாக விடுங்கள். சித்திரை வெயிலிலும் இது வேண்டும். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது.

சூடேறிய பிறகு பால். பசும்பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிக்கான பால்மாவுதான் சரி. ஓர் இரவைக் கடத்த வேறு வழியே இல்லை என்றால் ஆட்டுப்பால், மறுநாள் பால்மாவுக்கு மாறிவிட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது. வயிறு கீழே இருக்க, தலை லேசாக நிமிர்ந்திருக்க, அது உறிஞ்சட்டும். ஊசிக்குழலால் பீய்ச்சினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஈரப்பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தடவினால்தான் மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி சிறுநீரே கழிக்கும்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் அன்றே மருத்துவர். கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும்.

கழிச்சல், வாந்தி

பால் மாற்றம், குடற்புழு, தீவனம் ஒத்துக்கொள்ளாதது என்று சாதாரணக் காரணங்கள் பல. மலத்தில் அரிசிபோல ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, இரண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்ப வரும். இதெல்லாம் ஓடியாடிக்கொண்டிருக்கிற குட்டிக்கு.

சோர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற குட்டி என்றால் நிலைமை வேறு. வாந்தியும் இருந்தால் பேன்லூக்கோபீனியா என்று வைத்துக்கொண்டே ஓட வேண்டும். இது பூனைகளின் பார்வோ வைரஸ் நோய். கழிச்சலே இல்லாமல் வாந்தியோடு மட்டும்கூட வரும், சில மணி நேரத்தில் குட்டியைக் கொண்டுபோய்விடும். நேரடி மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தாக்காமல் காப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் போனால் பிழைக்கும். நாய்களின் பார்வோவைச் சோதிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கிட்டே பூனையின் மலத்திலும் இந்த வைரஸைக் காட்டிவிடும். சின்ன ஊரில் பூனைக்கான சோதனை இல்லை என்று சொன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள். மேற்கொண்டு பார்க்க ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உறுதியானால் அந்த அறைக்குப் போன உடையோடு வளவில் கால் வைக்கக் கூடாது. இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். மேலே சொன்ன ஹைப்போகுளோரைட்டுக்குச் சாகும், வெறும் சோப்புக்கும் சானிட்டைசருக்கும் சாகாது. தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை அடுத்த ஒரு வருடம் அந்த அறைக்குக் கொண்டுவராதீர்கள்.

தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும்வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

தும்மல், கண்ணில் பீளை

பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் அல்லது கேலிசி வைரஸ். மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. சாப்பாட்டை லேசாகச் சூடுபடுத்தி வையுங்கள். பீளையை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பஞ்சால் துடைத்தெடுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. கண் திறக்காமல் ஒட்டிக்கொண்டாலோ, கருவிழி மங்கினாலோ, நாக்கில் புண் தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்கான சொட்டு மருந்தை எடுத்து ஊற்ற வேண்டாம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பெரிய பூனையைக் கொன்றுவிடும்.

வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது

காதோரம், மூக்கு, முன்கால் என்று தொடங்கினால் படர்தாமரை. உங்கள் முழங்கையில் சிவப்பு வளையம் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லை; ஆனால் வீட்டுப் பூனை, பிள்ளைகள், வயதானவர்கள் எல்லோருக்கும் பரவும், பல வாரம் இழுக்கும். பூனைக்கு மாத்திரையும் மேல்பூச்சும் இரண்டும் வேண்டும். உதிர்ந்த முடியைத் தினமும் கூட்டி எடுப்பது மருந்து அளவுக்கு முக்கியம், நோயைப் பரப்பும் பூஞ்சையின் வித்து அதில்தான் இருக்கிறது. 14 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது. மருத்துவர் குணமாகிவிட்டது என்று சொல்லும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும்.

வந்த பூனை கட்டிலுக்கடியைவிட்டு வரவே இல்லை

இரவில் தட்டு காலியாகிறது, மண் தட்டு நனைந்திருக்கிறது என்றால் பயம்தான், காத்திருக்கலாம். கட்டிலுக்கடியிலிருந்து இழுக்காதீர்கள். உள்ளே நுழைய ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டிக் கொடுத்து, தினமும் அதே நேரத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து ஏதாவது வாய்விட்டுப் படியுங்கள். அதன் கண்ணையே பார்க்க வேண்டாம். குரல் பழகும், வாசனை பழகும், பிறகு அதுவாக வரும்.

சாப்பாடு தொடாமல் இருந்தால் கணக்கு வேறு. சின்னக் குட்டி அரை நாள் சாப்பிடாவிட்டாலே போக வேண்டும். வளர்ந்த பூனை ஒரு நாள் தொடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்; இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வினையாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக.

சாப்பிட வைக்க வேண்டும் என்ற ஆசையில் மீன் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடாதீர்கள். நம் பக்கத்துக் குழம்பு சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கிடையாது. இரண்டுமே பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை, வேகவைத்தாலும் கழுவினாலும் அந்தக் குணம் போகாது. தொண்டியிலிருந்து வரும் மீனை உப்பும் மஞ்சளும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கித் தரலாம். பால்சோறு மட்டும் போட்டு வளர்த்த காலம் உண்டு. அந்தப் பூனைகள் வெளியே எலி பிடித்துத் தங்களுக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டன. அறைக்குள் இருக்கிற பூனைக்கு டாரின் என்ற சத்து தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

கதவுக்கு இரண்டு பக்கமும் சீறல்

சீறுவது நல்லதுதான். "தள்ளிப் போ" என்று வாயால் சொல்கிறது, நகத்தால் சொல்லவில்லை. அதட்டாதீர்கள், அதட்டினால் அடுத்த தடவை சீறாமல் நேரே பாயும்.

14 நாள் ஆகி, மருத்துவர் பார்த்து, எஃப்ஐவி, எஃப்இஎல்வி (பூனைக்குப் பூனை தொற்றும் இரண்டு வைரஸ்கள்) சோதனையும் முடிந்த பிறகுதான் அறிமுகம். அதுவும் முதலில் மூக்குக்கு, அப்புறம்தான் கண்ணுக்கு. புதிய கதவுகளில் அடியில் சந்து இருக்கும், பூனைகள் அதன் வழியே முகர்ந்து பழகிவிடும். நம் பழைய கதவுகள் உயரமான நிலைப்படியில் வந்து இறுகி உட்காரும்; காற்றுகூட நுழையாது. அதனால் வாசனையை நாம்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு துணியால் வந்த பூனையின் கன்னத்தைத் தேய்த்து, வீட்டுப் பூனைகள் வழக்கமாகச் சாப்பிடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். மறு துணி அங்கிருந்து இங்கே. முகர்ந்துவிட்டு அலட்சியமாகப் போகும்வரை இதுவே நடக்கட்டும். பிறகு வந்த பூனையை வெளியறைக்கு மாற்றி, வீட்டுப் பூனையை உள்ளறையைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். அது தன் கன்னத்தை அங்கேயும் தேய்த்துவிட்டு வந்தால் பாதிக் காரியம் முடிந்தது.

அடுத்து, மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதல் நாள் கதவிலிருந்து தள்ளி, சாப்பிடுவதில் தயக்கமில்லை என்றால் நாளுக்குக் கொஞ்சம் கிட்டே. அப்புறம் ஆசாரியிடம் சொல்லி ஒரு சட்டத்தில் கம்பிவலை அடித்து நிலையில் பொருத்திவிடுங்கள். செலவு அதிகமில்லை, அடுத்த தடவைக்கும் ஆகும். வலை வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் நாள் வந்த பிறகுதான் வலையை எடுக்க வேண்டும். முதல் சந்திப்பு சில நிமிடம் போதும், நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எந்தப் படியில் உறுமல் வந்தாலும் அதற்கு முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

வளர்ந்த பூனைகளுக்கு இது ஒரு மாதம் ஆகும், கூடவும் ஆகும். வந்த பூனை ஒரு மாதத்தில் தத்து போய்விடும் என்று தெரிந்தால் நான் சேர்த்துவைக்கவே முயல மாட்டேன். தனி அறையும் தினம் இரண்டு வேளை நம் துணையும் அதற்குப் போதும். பிரியப் போகிற பூனைக்காக வீட்டுப் பூனையை இத்தனை சிரமப்படுத்த வேண்டியதில்லை.

உருண்டு புரண்டு சண்டை

முறைத்த கண், பின்னுக்கு மடங்கிய காது, அடிவயிற்றிலிருந்து உறுமல் — இந்த மூன்றும் சேர்ந்தால் நடுவே ஒரு முறத்தையோ பலகையையோ நிறுத்தி ஒன்றுக்கு ஒன்று தெரியாமல் மறையுங்கள். கையை விடாதீர்கள். பிரிந்த பிறகு சமாதானப்படுத்தத் தூக்கவும் வேண்டாம். அந்தக் கோபம் உங்கள் மேல் பாயும். தனித்தனி அறையில் அன்று முழுக்க விட்டு, மறுபடி துணியிலிருந்து தொடங்குங்கள். மேலே தெரியாத சின்னப் பல் துளை நாலைந்து நாளில் சீழ் கட்டும், தடவிப் பாருங்கள்.

ஒரே வீட்டில் வருடக்கணக்காக ஒட்டி வளர்ந்த இரண்டு பூனைகளே திடீரென்று அடித்துக்கொண்டால் மிரள வேண்டாம். வாசலில் புது வாசனை கண்டு எழுந்த கோபத்தைப் பக்கத்தில் இருந்ததன் மேல் காட்டியிருக்கும். ஒன்று மருத்துவமனை போய் வந்திருந்தாலும் வாசனை மாறி, அடையாளம் தெரியாமல் சீறும். சில நாள் பிரித்து வைத்தால் தணியும்.

குட்டி ஓயாமல் கிழட்டுப் பூனையின் வாலைப் பிடித்து இழுப்பது சண்டை அல்ல, ஆனால் கிழட்டுப் பூனைக்கு அது தொல்லைதான். குட்டியை விளையாட்டில் களைக்கவைத்த பிறகு வெளியே விடுங்கள். கிழட்டுப் பூனை ஏறிப் படுக்க, குட்டி ஏறமுடியாத உயரத்தில் ஓர் இடம் இருக்கட்டும். பத்தாயத்தின் மேல் ஒரு விரிப்பு போதும்.

வீட்டுப் பூனை தூணில் சிறுநீர் விடுகிறது

எப்படி விடுகிறது என்று பாருங்கள். நின்றபடி, வால் நடுங்க, தூணிலோ கதவிலோ பீய்ச்சினால் எல்லை குறிக்கிறது. குந்தி உட்கார்ந்து தரையில் நிறைய விட்டால் சிறுநீர்ப்பையிலோ மண் தட்டிலோ கோளாறு. குந்திக் குந்தி உட்கார்ந்தும் சொட்டுகூட வராமல் முனகினால், அதுவும் கடுவனாக இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அடைப்பு ஒரு நாள் இரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. புதுப் பூனை வந்த மன உளைச்சலும் இந்த அடைப்புக்கு ஒரு காரணம்.

எல்லை குறிப்பதென்றால், கருத்தடை ஆகாத பூனைக்கு முதலில் அதைச் செய்யுங்கள். ஆனதென்றால் இடத்தைக் கூட்டுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மண் தட்டு கூடுதலாக, அதுவும் வரிசையாக ஒரே மூலையில் இல்லாமல் வீட்டின் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று. நாலு தட்டை அடுத்தடுத்து வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். முரட்டுப் பூனை ஒன்று நடையில் படுத்துக்கொண்டால் மற்றவற்றுக்கு வழி அடைபட்டுவிடும். சில நேரம் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்காது. திண்ணையில் ராத்திரி வந்து படுக்கும் தெருக்கடுவனை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு முகப்பில் பீய்ச்சும். கீழ் ஜன்னலைச் சாத்துங்கள்.

ஆத்தங்குடிக் கல் சிமென்ட் கல், உறிஞ்சும். உடனே ஒற்றியெடுத்து, வெறும் தண்ணீரில் துடைத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி நேரம் கொடுத்து ஊறவிடுங்கள். ஆசிட் பட்டால் கல்லின் முகமே அரித்துவிடும். அம்மோனியா உள்ள திரவம் பூனைக்குச் சிறுநீர் வாசனையாகவே தெரியும். மறுபடி அங்கேயே வரும். தேக்குத் தூணில் எதையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வாயைத் திறந்து இளைக்கிறது

நாய் இளைக்கும், பூனை சாதாரணமாக இளைக்காது. வெயில் காலத்தில் ஓடு போட்ட மாடி அறையில் வைத்திருந்தால் உடனே கீழே கொண்டுவந்து, காதையும் பாதத்தையும் நனைத்து, விசிறியடியில் விடுங்கள். பனிக்கட்டித் தண்ணீர் வேண்டாம். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் மருத்துவர்.

குட்டியைக் காணோம்

முற்றம் திறந்திருக்கிற வீட்டில் பூனை தூணேறி ஓட்டுக்குப் போய்விட்டால், ஒட்டியிருக்கும் அடுத்த வீட்டுக்கூரை, அதற்கடுத்தது என்று தெருக்கோடிவரை போகும். அந்த வீடுகளில் பல பூட்டியிருக்கும். முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி இருந்தாலும் அது மனிதர்களைத் தடுக்கத்தான், பூனைக்குச் சிறுகண் வலை வேண்டும். காணாமல் போனால் கூட்டமாகக் கத்தித் தேடாதீர்கள். தெரு அடங்கிய பிறகு, டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து, கண்ணின் பளபளப்பைத் தேடுங்கள். பயந்த பூனை தொலைவு போகாது, பக்கத்திலேயே சத்தமில்லாமல் ஒடுங்கியிருக்கும். அது படுத்த துணியைப் பின்வாசலில் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது பெரிய உதவி.

கடித்துவிட்டது

தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி விவரம் தெரியாத பூனையின் கடி, இரத்தம் வந்த கீறல் எதுவானாலும் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். குட்டிதானே என்று விடாதீர்கள், ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை. பூனைப்பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மறுநாளே கை வீங்கிச் சிவந்தால் அதற்கும் மருந்து வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை.

குட்டி தத்து போய்விட்டது, வீட்டுப் பூனை தேடிக் கத்துகிறது

சேர்ந்து பழகிய பூனைகள் தேடும், சில நாள் சாப்பாடு குறையும். அந்த உள்ளறையை உடனே கழுவிவிடாமல் இரண்டு நாள் திறந்து விட்டால் அது போய் முகர்ந்து பார்த்துத் திரும்பும். அப்புறம் கழுவுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு விளையாட்டு, உங்கள் மடி: பழைய ஒழுங்கு திரும்பினால் அதுவும் திரும்பும்.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த பெட்டி வரும். வீட்டுப் பூனையின் எடை பழைய அளவுக்கு வந்ததா, தூணில் விடுவது நின்றதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் மறுத்துவிடுங்கள், ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். "உங்க வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு அறையை ஒதுக்குங்க ஆயா, ஜன்னலுக்கு வலை அடிச்சிருவோம், பால்மாவு நான் தர்றேன், சாயங்காலம் நானே வந்து எடை பார்க்கிறேன்" என்று சொன்னால் இறங்கி வருகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காலியான கட்டுகளும் நிறைய இருக்கின்றன.